லெஸ்டர் மறுத்த பந்து

டெல்பர்ட் குவினுக்கு,

நலம் விசாரிக்கும் பழக்கம் நமக்குள் இல்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

லெஸ்டர் போன மாதம் இறந்தான். ஆலை பேஸ்பால் மைதானத்துக்கு அவன் பெயரை வைக்க ஊர்ச்சபை வியாழக்கிழமை வாக்களிக்கிறது. “என் கண்ணைப் பறித்தவன் பெயரா?” என்று நீ எழுதிய கடிதத்தைப் போன கூட்டத்தில் வாசித்தார்கள். அவன் மனைவி நோரீன் முன்வரிசையில் இருந்து கேட்டாள்.

பத்தொன்பது வருடம் அவன் பந்து வீச, மட்டையோடு நிற்கும் உன்னைப் போன்றவர்களின் முதுகுக்குப் பின்னால் நான் குந்திப் பிடித்தேன். காய்ச்சலிலும் வீசினான். நகம் பிய்ந்து பந்தெல்லாம் ரத்தமாக வீசினான். கையுறையை நான் காட்டிய இடத்துக்குப் பந்து வரும். கண்ணை மூடிக்கொண்டே பிடிக்கலாம்.

அந்த ஜூலை ஆட்டத்தில் நீ சறுக்கி வந்து, காலணி ஆணியால் எங்கள் ஹாங்க்கின் காலைக் கிழித்தாய். எலும்பு தெரிந்தது. நீ சிரித்தாய். அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

அடுத்த முறை நீ மட்டையோடு வந்தாய். எங்கள் ஆளை அடித்தால் உங்கள் ஆளுக்கு விலாவில் ஒரு பந்து. அந்த வழக்கம் உனக்கும் தெரியும். நான் கையுறையை விலாவில் காட்டவில்லை. உன் காதுக்கு நேராகப் பிடித்தேன்.

லெஸ்டர் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கி வந்து, “தலைக்கா? வேணாம் ஓரன், விலாவுல போடறேன்” என்றான். “எறியறதுதான் ஒன் வேலை. எங்கேன்னு நான் சொல்றேன். போடா, பயந்தாங்கொள்ளி” என்றேன். திரும்பிப் போய் இன்னொரு முறையும் மறுத்தான். நான் கையை இறக்கவில்லை.

உன் கண்ணோரத்து எலும்பு உடைந்த சத்தத்தை முதலில் கேட்டவன் நான். உன் ரத்தம் என் முழங்காலில் காய்ந்தது.

அன்று மாலை உன் அண்ணன்கள் அவன் விரல்களை மட்டையால் நொறுக்கினார்கள். பந்து நழுவிவிட்டது என்றே சொன்னான். என் பெயரைச் சொல்லவில்லை. கோணல் விரல்களோடு மறு வசந்தத்தில் வந்து, “எங்கே போடணும், சொல்லு” என்றான். நாற்பது வருடம் அவன் வீட்டில் சாப்பிட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை சபையில் எழுந்து இதைச் சொல்வேன். உன் கடிதத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுது. அது போதாதென்றால் மைதானத்துக்கு வா. கம்பி முகமூடி இல்லாமல் பழைய இடத்தில் குந்தியிருப்பேன். பந்தோ மட்டையோ, உன் விருப்பம். நான் தலையைக் குனிய மாட்டேன்.

கண்ணைப் பறித்தவன் என்ற அந்த வார்த்தையை நோரீன் மட்டும் இன்னொரு முறை கேட்கக் கூடாது.

கையுறையைக் காட்டியவன்,
ஓரன் ஸ்டப்ஸ்