ஈறுக்கு அடியில்

2025 ஜூன் 9, திங்கள்

இன்றும் பல் துலக்கியபோது ரத்தம். வாஷ்பேசினை இரண்டு முறை கழுவிவிட்டுத்தான் வெளியே வந்தேன், வீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாதென்று. பதினெட்டு வருஷமாக உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீல். வீட்டில் தடயத்தை அழிக்கிறேன்.

மெகருன்னிசாவின் பாதை வழக்கு இன்று வந்தது. மார்க்கையன்கோட்டையில் அவருக்கு இரண்டு ஏக்கர் வாழை, தார் முற்றி நிற்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் பலவேசம் வண்டிப்பாதையை மறித்துக் கல் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார். தாரை வெளியே கொண்டுவர வேறு வழி கிடையாது. பாதையைத் திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்டிருக்கிறோம்.

நான் எழுந்து இரண்டு வரி பேசியிருப்பேன். நீதிபதி, "வக்கீலம்மா, வாயிலேருந்து கையை எடுத்துட்டுப் பேசுங்க. ஒண்ணும் கேக்கலை" என்றார். கை எப்போது அங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கிறிஸ்டோபர் வாய்தா கேட்டார். இருபதாம் தேதிக்குப் போட்டார்கள்.

வெளியே மெகருன்னிசா என் காதருகே வந்து ஏதோ கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வயலிலிருந்து நேராக வந்ததால் ஒதுங்கினேன் என்று நினைத்திருப்பாரோ? நாத்தம் என் வாயிலதான இருக்கு. இதை அவுககிட்ட எப்பிடிச் சொல்ல?

ஜூன் 10

கீழே முன்பல் ஒன்று ஆடுகிறது. நாக்கு அங்கேயேதான் போகிறது. வயது நாற்பத்து நான்கு.

ஜூன் 12, வியாழன்

அவரிடம் சொல்லிவிட்டேன். பால்பாண்டி பதறவில்லை, தன் கடைக்குச் சொட்டுநீர்க் குழாய் வாங்க வருகிறவர்களிடம் பேசுவது போலப் பேசினார். "ஆஸ்பத்திரிக்குப் போய் சுத்தம் கித்தம்னு பண்ணிக்கிறாத கிருபா. இருக்கற பல்லும் ஆடிரும். எங்க பெரியப்பாவுக்கு அப்பிடித்தான் ஆச்சு."

அவர் பெரியப்பாவின் பல் எனக்கு என்ன சாட்சியம்?

ஜூன் 14, சனி

பல் டாக்டர் சாதியாவிடம் போனேன். கம்பம் ரோட்டில் மாடியில் கிளினிக். முப்பது வயதுதான் இருக்கும். வாயைத் திறக்கச் சொன்னதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வலியால் அல்ல. அவள் முகம் சுளிக்கவேயில்லை.

மெல்லிய ஊசி போன்ற ஒரு அளவுகோலை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி எண் சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். ஐந்து, ஆறு, நான்கு, ஏழு. மில்லிமீட்டர் கணக்கு. மூன்றுக்குள் இருந்தால் நல்லதாம். எனக்கு ஈறு பல்லைவிட்டுக் கழன்று பை மாதிரி ஆகி, அந்தப் பைக்குள் பல் அழுக்கு இறுகிக் காரை கட்டியிருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் கரைந்தது தெரிகிறது. சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தாள்.

பெரியப்பா கதையைக் கேட்டேன். சிரித்தாள்.

"காரை இடுக்க அடைச்சிருக்கதால பல்லு கெட்டியா நிக்கிற மாதிரி தெரியும்க்கா. அதுக்கு அடியில எலும்பு கரைஞ்சுக்கிட்டே இருக்கும். எடுத்தாத்தான் ஈறு திரும்ப ஒட்டும். ரெண்டு தடவையாப் பண்ணுவோம், மொதல்ல வலது பக்கம், அடுத்த வாரம் இடது. மரத்துப்போக ஊசி போட்டுருவேன்."

"அந்த ஆடுற பல்லு?"

"நிக்கும்னு சத்தியம் பண்ண முடியாதுக்கா. நிக்க வைக்கப் பாக்குறேன்."

பொய் சொல்லாத சாட்சி. நம்பலாம்.

ஜூன் 17

சர்க்கரை இல்லை. ஒரு பயம் குறைந்தது.

ஜூன் 19

வெள்ளிக்கிழமை தனக்கு மதுரையில் வேலை, மறுபடி வாய்தாதான் என்று கிறிஸ்டோபர் போனில் சொன்னார். அதனால் நாளை காலை எட்டரைக்கே கிளினிக்கில் நேரம் வாங்கிவிட்டேன். அதன்பிறகு வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 20, வெள்ளி

எழுதியே ஆக வேண்டும்.

ஊசி குத்தியது எறும்பு கடித்த அளவு. பத்து நிமிடத்தில் வலது கன்னம் என்னுடையதாக இல்லை. முதலில் ஒரு மெஷின், கீச்சென்று சத்தம், வாயெல்லாம் தண்ணீர், அதை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. பிறகு மெஷினை வைத்துவிட்டுக் கையால், வளைந்த கம்பியால், ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டினாள். வலி இல்லை. ஆனால் அந்தச் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டது, தேங்காய் துருவுகிற மாதிரி. கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன். "கையை லூசா விடுங்கக்கா, இங்கன நான் பாத்துக்கிறேன்" என்றாள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

படியிறங்கும்போதே மெகருன்னிசாவின் போன். "அம்மா, எதிர்க்கட்சி வக்கீலு வந்துட்டாக. மதுரை வேலை தள்ளிப் போச்சாம். நம்ம கேஸை இன்னைக்கே கேட்டுருவாகன்னு சொல்றாக. அம்மா, தாரு பழுக்க ஆரம்பிச்சிருச்சு."

கோர்ட்டில் போய் நின்றேன். கறுப்புக் கோட்டு, ஒரு பக்கம் தொங்கிய உதடு. "ஃபாதை" என்றுதான் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி பார்த்தார். "உடம்பு சரியில்லையா? வேணும்னா வாய்தா தர்றேன்" என்றார். தயவாகத்தான் சொன்னார். கடைசி பெஞ்சில் மெகருன்னிசா முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் ஐயா. ஊசி ஃபோட்டிருக்கு. ஃபேசுறேன்."

கிராம வரைபடத்தை விரித்துக் காட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. வாயை மூடக் கை மிச்சமில்லை. எச்சில் வழிந்தபோது தோளில் துடைத்துக்கொண்டேன். வேகமாகப் பேச முடியாததால் ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். சர்வே எண், பாதையின் அகலம், வரைபடம் போட்ட வருஷம், தார் நிற்கும் நிலை. நான் மெதுவாகச் சொல்லச் சொல்ல நீதிபதி ஒன்று விடாமல் எழுதினார். என் பதினெட்டு வருஷத்தில் ஒரு நீதிபதி நான் சொன்னதை இவ்வளவு எழுதியதில்லை. கிறிஸ்டோபர் எழுந்தபோது, அவரிடம் கேட்க நீதிபதியிடம் இரண்டு கேள்வி தயாராக இருந்தது. வரைபடத்தில் பாதை இருக்கிறதா இல்லையா? இருக்கிறதென்றால் கல் எதற்கு?

திங்கட்கிழமை உத்தரவு.

சாயங்காலம் மரப்பு விட்டதும் விண் விண்ணென்று தெறித்தது. மாத்திரை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். அவர் தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து கொண்டுவந்து வைத்தார். பெரியப்பா பேச்சை எடுக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஜெயித்தோம். கல்லையும் கம்பியையும் மூன்று நாளில் எடுத்து வழிவிட வேண்டும். மெகருன்னிசா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தள்ளி நிற்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

இடது பக்கமும் முடிந்தது. இந்த முறை பயமில்லை, பாதியில் கண் சொக்கியது. மார்க்கையன்கோட்டையிலிருந்து முதல் லோடு தார் கிளம்பிவிட்டதாம்.

ஜூலை 3

பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது. கண்ணாடியில் பார்த்தால் பல்லுக்குப் பல் சந்து. பல்லெல்லாம் நீண்டு – இதுக்கா அம்புட்டுப் பாடு பட்டேன்? சுத்தம் பண்ணுனா பல்லு போயிரும்னு ஊர்ல இருக்கவுக எல்லாம் சொல்றது நெசந்தானா?

சாதியாவுக்குப் போன் செய்தேன். "வீங்கிக் கெடந்த ஈறு வத்திருச்சுக்கா. காரை இருந்த எடந்தான் இப்ப சந்தாத் தெரியுது. கூச்சம் கொறைஞ்சிரும், அதுக்குன்னு ஒரு பேஸ்ட்டு இருக்கு. சந்துக்குள்ள குட்டி பிரஷ்ஷ விட்டுத் தெனமும் எடுங்க. நான் செஞ்சது பாதிதான், மிச்சம் உங்க கையில."

ஜூலை 11

துலக்கினேன். துப்பினேன். வெள்ளை நுரை மட்டும். நம்பாமல் மறுபடி துப்பிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்தாள். மூன்று, இரண்டு, மூன்று, மூன்று. ஏழு இருந்த இடத்தில் நான்கு. ஆடிய பல்லை இரண்டு கருவிக்கு நடுவே பிடித்து அசைத்தாள், இன்னொரு முறை அசைத்தாள். "நின்னுருச்சுக்கா" என்றாள். அவளுக்கே சந்தோஷம் தாளவில்லை, நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துவிட வேண்டும், விட்டால் திரும்பவும் கட்டும்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனேன். வழியில் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் நின்று பேசினேன். பேச ஒன்றுமில்லாதவர்களிடமும்.

நவம்பர் 7, வெள்ளி

இன்று பலவேசத்தைக் குறுக்கு விசாரணை செய்தேன். ஜூனில் வாங்கியது இடைக்கால உத்தரவு, இது அசல் வழக்கு. அது பாதையே இல்லை, தன் பட்டா நிலம் என்று கூண்டில் ஏறி அடித்துச் சொன்னார். நான் கூண்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்று, அவர் அப்பா எப்படி விவசாயம் பார்த்தார், என்ன மாடு வைத்திருந்தார் என்று கேட்டுக்கொண்டே போனேன். காங்கேயம் காளையைப் பற்றிக் கேட்டதும் மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கய்யா அந்தக் காளையப் பூட்டி வண்டி கட்டுனாருன்னா ஊரே பாக்கும். அந்தப் பாதையில அவரு வண்டி வந்தா மத்த வண்டியெல்லாம் ஒதுங்கி நிக்கும்."

"எந்தப் பாதையில?"

கல் ஊன்றி மறித்த அதே பாதையைச் சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் அவருக்கே புரிந்தது. கிறிஸ்டோபர் பேனாவை மூடி வைத்தார். நீதிபதி பதிவு செய்துகொண்டார். வெளியே மெகருன்னிசா என் தோளில் சாய்ந்துகொண்டு காதோடு காதாக ஏதேதோ கேட்டார், நானும் அப்படியே பதில் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்து மணிக்குப் போன். சாதியா.

"அக்கா, மூணு மணிக்கு வாரேன்னிகளே. மறந்துட்டீகளா?"

மறந்துதான் போனேன். காலையில் துலக்கியதோடு சரி, எனக்கு வாய் என்று ஒன்று இருப்பதே இன்று நினைவில் இல்லை. நாளைக்கு முதல் ஆளாக வரச் சொல்லியிருக்கிறாள்.