சம்பந்திக்குப் போட்ட மாலை

மோர்டன், லண்டன்
12.10.2006

அன்பு மகன் நிருஜனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக் கட்சி. நீ அந்தக் கனடா யெல்லோநைஃப் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாய் என்று நம்புகிறோம். போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று திருத்துவா, ஆனபடியால் எழுதுகிறேன். நீ கட்ட விரும்பும் டெனே ஆதிக்குடிப் பிள்ளை ஆக்னஸ் இங்கே லண்டனில் வைத்த கலைக் கண்காட்சிக்குப் போய்வந்தேன். அம்மா வரவில்லை. "எங்களுக்குச் சரிவராது எண்டு நீங்களே பக்குவமாய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்று என்னை அனுப்பினா. நம்மவர் விழாக்களில் கலைஞருக்கு மாலை போடாவிட்டால் ஆறு மாதம் பேச்சு நின்றுவிடும் என்பதால், டூட்டிங் கடையொன்றில் ஒரு சந்தன மாலை வாங்கிக்கொண்டு போனேன். மறுக்கப் போகிறவன் மாலையோடு போனது என் கெட்டித்தனம்.

மான்தோல், மீன்தோல், பாசிமணி, பழைய ஸ்னோமொபைல் பனிவண்டியின் பெல்ட் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துச் சுவர் நிறையத் தொங்கவிட்டிருந்தாள், அதுதான் தன் வடக்கு ஊரும் குடும்பமும் என்றாள். பள்ளிக்கூடத்தில் ஓ லெவலோடு நின்ற என் மூளைக்கு ஒன்றும் பிடிபடவில்லை, தலையை ஆட்டினேன், பக்கத்தில் நின்ற படித்தவர்களும் அதையேதான் செய்தார்கள். நடுவில் ஒரு வயசாளியின் கறுப்பு வெள்ளைப் படம், மேலே தனி விளக்கு. எங்கள் வீடுகளில் அப்படி இருந்தால் ஆள் போய்விட்டார் என்றுதானே அர்த்தம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மாலையைப் படத்துக்குப் போட்டுக் கும்பிட்டேன். திரும்பினால் அதே வயசாளி கையில் கேக் துண்டோடு நிற்கிறார். ஆக்னஸின் அப்பா ஆல்பர்ட். மாலையின் அர்த்தத்தை நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதும், தனக்கு இன்னும் எத்தனை நாள் தந்திருக்கிறேன் என்று கேட்டுச் சிரித்தார். காவலாளி மாலையை எடுக்க வந்தான், ஆக்னஸ் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் கழுத்தில் சால்வை சுற்றிய ஒருவர், படைப்பின் முழு வலியும் அந்த மாலையில்தான் இருக்கிறது என்று நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நானும் நின்று கேட்டேன், நல்லாய்த்தான் இருந்தது.

பிறகு ஆல்பர்ட்டும் நானும் தேத்தண்ணி குடித்தோம். அம்மா சொல்லிவிட்டதை எப்படித் தொடங்குவது என்று நான் விழுங்கிக்கொண்டிருக்க, அவர் முந்திவிட்டார். பெடியன் நல்லவன்தான், ஆனால் மீனுக்கு வலை போடத் தெரியாது, பனியில் வண்டி ஓட்டத் தெரியாது, நாளைக்கு மகளை லண்டனுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவானோ என்றும் பயம், ஆகவே குடும்பத்தில் யோசிக்கிறோம் என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அம்மாவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. "என்ர பிள்ளையில என்ன குறை கண்டவையாம்? யோசிக்கிறதுக்கு அவையள் ஆர்?" என்றா. ஞாயிற்றுக்கிழமை தகப்பனையும் மகளையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாச்சு. அவர்களுக்குக் காட்ட, நீ ஐந்தாம் வகுப்பில் நீச்சல் போட்டியில் வென்ற கிண்ணத்தைத் துடைத்து வைத்திருக்கிறா.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் வாழ எங்கள் ஆசி. யாரிடமாவது வலை போடப் பழகு. ஆல்பர்ட் சம்மதம் சொன்னால் அம்மாவிடம் மூச்சு விடாதே, அம்மாவைப் பொறுத்தவரை கலியாண நாள் வரைக்கும் பெண்வீட்டார் யோசித்துக்கொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
குலசேகரம்