சுண்ணாம்பைத் தட்டிவிட்ட கை

செய்யூர்,
29.12.2003

அன்பு மகன் பூபாலனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். என் கண்ணும் சுகம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கிளை வேண்டுமென்று உன் மனைவி மார்கரெட் கேட்டாள், நானும் தோப்புக்குப் போய் நல்ல கிளையாகப் பார்த்து வெட்டினேன், உள்ளே குளவிக்கூடு இருந்தது யாருக்குத் தெரியும், ஒன்று பாய்ந்து வந்து இடது கண்ணில் கொட்டிவிட்டது. அப்பப்பா, உயிர் போய் உயிர் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் இமை பன் மாதிரி வீங்கிவிட்டது. ஒற்றைக் கண்ணனை நம்பி எவன் கம்பெனி பஸ்ஸை ஓட்டக் கொடுப்பான் என்று அந்த வலியிலும் அதே நினைப்பு. உன் அம்மா அழுதுகொண்டே சுண்ணாம்பை விரலில் வழித்துக்கொண்டு ஓடிவந்தாள், குளவி கொட்டினால் நம் வீட்டில் எப்போதும் அதுதானே வைத்தியம், நானும் முகத்தைக் காட்டினேன். மார்கரெட்தான் குறுக்கே வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள், வேணாம் அத்த, கண்ணு பூடும் என்று போட்டாளே ஒரு சத்தம், மாமியார் எதிரே குரல் உயர்த்தாத பெண், நானே மிரண்டு போனேன். குடத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவிவிட்டு, ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனாள். கருவிழியில் லேசான காயம்தான், சொட்டு மருந்தில் ஆறிவிடும், சுண்ணாம்பு பட்டிருந்தால் வெந்தே போயிருக்கும் என்றார் டாக்டர். நேற்று மறுபடி பார்த்துவிட்டு, பஸ் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். ஸ்தோத்திரம்.

இவள் மரம் கேட்டதால்தான் எல்லாம் என்று அம்மா உனக்குப் போனில் சொல்லப்போக, நீ மார்கரெட்டைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாயாமே. ஒரு பேச்சு பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றாளடா. சுண்ணாம்பு சங்கதியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இன்னா மாமா, அத்த பயத்துல பண்ணாங்க, அதப் போயி அவராண்ட சொன்னா அத்த மனசு இன்னா பாடுபடும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே, அவளுக்கும் உள்ளுக்குள் உறுத்துகிறது, இப்போதெல்லாம் மீன் குழம்பில் நடுத்துண்டு மார்கரெட்டுக்குத்தான் போகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காப்பாராக. இது கிடைத்ததும் மறக்காமல் மார்கரெட்டைக் கூப்பிடு, அவள் பேசாமல் இருந்தாலும் போனை வைத்துவிடாதே, நீ பேசு.

இரண்டு கண்ணாலும் பார்த்து எழுதும்,
உன் அப்பா
தாவீது