நானே எழுதிய பூட்டு

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்தால் அக்காவிடம் வாய்விட்டுச் சொல். நான் நலம்.

இரண்டு நாளாக என் போன் கிடைக்கவில்லையே என்று பதறியிருப்பாய். ஒன்றுமில்லை. போன் பில் போடும் கம்பெனிகளின் கருத்தரங்குக்காக வேறு ஊருக்கு வந்திருக்கிறேன். முந்தாநாள் காலை, திருட்டுப் போனைப் பிடிக்க நான் கம்ப்யூட்டரில் எழுதிய விதியை மேடையேறி விளக்கினேன். வருஷக்கணக்கில் ஒரே வட்டத்தில் சுற்றிய போன் திடீரென்று வெளியூரில் தென்பட்டால், லைன் தானாகப் பூட்டிக்கொள்ளும். பலத்த கைதட்டல்.

மதியம் பழைய கோட்டையைச் சுற்றிக்காட்டினார்கள். உச்சியில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். லைன் செத்துக் கிடந்தது. மூன்று வருஷமாக என் வாடகை அறையையும் ஆபீசையும் தவிர என் போன் எதையும் கண்டதில்லை; நான் எழுதிய விதி என்னையே திருடனாக்கிவிட்டது!

ஓட்டல் போனில் ஆபீசைப் பிடித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார்: "ஒண்ணும் பண்ண வேணாம் சார். ரூமுக்குத் திரும்பிட்டா அதுவே திறந்துக்கும். நீங்கதானே அப்படி எழுதினீங்க?"

ஓட்டல் போனில் ஆபீசின் இலவச எண்ணைத் தவிர வேறு வெளியூர் எண் போகாது; இங்கே யாரிடமும் போன் இரவல் கேட்க வெட்கம். அதனால்தான் கருத்தரங்கு முடிந்து நம் ஊருக்கு வரும் இந்த ஆபீஸ் நண்பரிடம் கடிதம். இவர் திரும்பும்போது என் பழைய செருப்பைக் கொடுத்தனுப்பு. கோட்டைப் படியில் ஆபீஸ் ஷூ கடித்துவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமையாவது எங்காவது நடக்கலாம் என்றிருக்கிறேன்.

நான் திரும்பிப் போக வண்டி வந்துவிட்டது. என் வாடகை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் லைன் திறந்துவிடும். அப்புறம் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, அங்கேதான் இருப்பேன்.

உன் மகன்