என் பற்று மங்கலாகத்தான் இருக்கும்

காசாபிளாங்கா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு.

அன்புள்ள கணவர் மெக்கி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மனைவி தூரியா எழுதுகிறேன். நான் நலம் என்று சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். சொல்லிவிட்டேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஸ்பெயினில், உங்கள் முர்சியாவில், குளிர் விட்டதா? தக்காளிப் பெட்டி தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது என்றீர்களே, இப்போது தேவலையா?

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் நீங்கள் பத்து வார்த்தை பேசுகிறீர்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் சிக்னல் போய்விடுகிறது. உங்கள் சிக்னலுக்கு அவ்வளவு நல்ல நேரம் பார்க்கத் தெரிந்திருக்கிறது! கடிதம் என்றால் நடுவில் வெட்ட முடியாது. பக்கத்துக் கடை ஹம்மூ நாளை பஸ்ஸில் அங்கே வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் எதிரில் பிரிக்காதீர்கள்.

உங்கள் அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று. பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று நீங்கள் அனுப்பிய மஞ்சள் கம்பளி வந்து சேர்ந்தது, நல்ல மெத்தென்று இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டில் கூஸ்கூஸ் யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து என் அக்கா ஹனிய்யா வீட்டில் இருக்கிறேன். உங்கள் தம்பி ஜிலாலி அதை உங்களுக்குச் சொல்லியிருப்பான். ஏன் என்பதை அவன் சொல்லியிருக்க மாட்டான்.

நம் கடையில் என் பெயர் என்ன தெரியுமா? சாம்பல்காரி. தெர்ப் கல்லெஃப் சந்தையில் பழுது பார்க்கக் கொடுத்த டி.வி.யைத் திருப்பி வாங்க வருகிறவன்கூட முதுகு மூடியைக் கழற்றச் சொல்லிப் போர்டைத்தான் முதலில் பார்க்கிறான். பற்றவைத்த இடம் பாதரசத் துளி மாதிரி மின்னினால் நல்ல வேலை, மங்கிக் கிடந்தால் மட்ட வேலை. ஈயக் கம்பியில் அப்படி மின்னும். என் கம்பியில் ஈயம் கிடையாது, அதில் எவ்வளவு சுத்தமாகப் பற்றவைத்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். அதை யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது? ஹஜ் போய்வந்த ஹாஜ்ஜா ஒருத்தி வந்தாள். போர்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அடுப்புச் சாம்பலை எச்சில் தொட்டு ஒட்டுனியா? ஆம்பள யாரும் கடையில இல்லையா?" என்று கேட்டாள். டி.வி.யை அன்று வாங்காமலே போய், மறுநாள்தான் எடுத்துக்கொண்டாள். எதிர்க்கடைக்காரன் சிரித்தான் பாருங்கள், தேநீர் மூக்கில் ஏறிவிட்டது அவனுக்கு. ஏறட்டும்.

நான் ஏன் அந்தக் கம்பிக்கு மாறினேன் என்று உங்களுக்கு எழுத வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போன பிறகு என் ரத்தத்தைச் சோதித்து, அதில் ஈயம் ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். இரண்டு கையும் வேலையில் இருந்தால் கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்வது சந்தையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். உங்களிடம் தொழில் கற்றவள் நான், எனக்கும் அதே பழக்கம். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கடையை விடலைன்னா கம்பியையாவது விடும்மா" என்றார். அன்று சாயங்காலமே ஈயமில்லாத கம்பிச் சுருள் ஒன்றை வாங்கி வந்து என் மடியில் போட்டீர்கள். "இனிமே இதுதான். நம்ம பிள்ளைக்காக" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக உங்களோடு ஒன்பது வருஷம் பட்டதையெல்லாம் மன்னித்தேன்.

மேசையைக் கழுவினேன். முனை துடைக்கும் பழைய ஸ்பாஞ்சு, பழைய துணி எல்லாவற்றையும் வீசினேன். பற்றவைக்கும் அயர்னுக்குப் புது முனை போட்டேன். இந்தக் கம்பி இளக அதிகச் சூடு வேண்டும், அதற்கும் கையைப் பழக்கிக்கொண்டேன். கடையில் ரொட்டித் துண்டுகூட வாயில் வைப்பதில்லை. இந்தப் பிள்ளை தங்கியது. போன சோதனையில் ஈயம் பாதியாக இறங்கியிருந்தது. முர்சியாவிலிருந்து போனில் நீங்கள் அழுதீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

இந்த மாதச் சோதனையில் மறுபடி ஏறிவிட்டது. பழைய அளவுக்கே வந்துவிட்டது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கிட்ட எதுக்கும்மா பொய் சொல்ற? கம்பிய மாத்திட்டேன்னு நீ சொல்ற, உன் ரத்தம் மாத்தலைன்னு சொல்லுது" என்றார். வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. அடுத்தவர் வாசலில் நிற்கிறார் என்று என்னை அனுப்பிவிட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். எங்கே தப்பு, எங்கே தப்பு என்று வழியெல்லாம் யோசித்தேன். தண்ணீரோ, பாத்திரமோ, கடைச் சுவரில் உதிரும் பெயிண்ட்டோ என்றெல்லாம் நினைத்தேன். மனிதர்களை நினைக்கத் தோன்றவில்லை.

அந்த வாரம்தான் நான் பார்த்துக் கொடுத்த டி.வி.கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. சூடேறினால் அணைந்துவிடுகிறதாம். ஹாஜ்ஜா தன் டி.வி.யைக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சந்தையே கேட்கிற மாதிரி வைதாள். ஜிலாலி அத்தனையும் உங்களுக்குப் போனில் ஒப்பித்தான். உடனே உங்களிடமிருந்து போன் வந்தது. "உனக்குக் கை வரலை தூரியா, ஒத்துக்கோ. சாவிய அவங்கிட்ட குடுத்துட்டு வீட்டுல கிட" என்றீர்கள். எனக்கா கை வரவில்லை? ஜிலாலிக்கு ரிமோட் பழுது பார்ப்பதைத் தாண்டி என்ன தெரியும்? உங்கள் வீட்டில் உலை கொதித்தது யார் கையால்?

சாவியைக் கொடுக்கத்தான் மறுநாள் கடைக்குப் போனேன். கொடுக்கும் முன் ஹாஜ்ஜாவின் போர்டைக் கழற்றி லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பவர் பகுதியில் நான் வைத்த பற்றுகள் எல்லாம் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தன. என் பற்று மின்னாதே! ஊசியால் நெம்பினேன். மேலே இருந்த பளபளப்பு குல்லாய் மாதிரி கழன்று வந்தது. அடியில் என் மங்கல் பற்று இளகாமலே இருந்தது, மேலே பூசிய ஈயம் அதை இழுத்து விரிசல் விடவைத்திருந்தது. யாரோ சூட்டைக் குறைத்து வைத்துக்கொண்டு மேலாக ஈயத்தைப் பூசியிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஈயம் இளகும், என் கம்பி இளகாது. இரண்டும் ஒன்று சேரவே இல்லை. காலையில் வரும்போதெல்லாம் அயர்னின் சூட்டுக் குமிழ் கீழே திருகியிருந்ததும், தூசி துடைக்கும்போது ஜிலாலியின் கை பட்டிருக்கும் என்று நான் மேலே திருகிக்கொண்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதே அயர்ன், அதே ஸ்பாஞ்சு, அதே மேசை. நான் மாலையில் சீக்கிரம் கிளம்பிய பிறகு, கடையை மூட நிற்கும் ஜிலாலி அவற்றை வைத்து ஈயம் பூசி, மிச்சத்தை அங்கேயே விட்டுப் போவான், காலையில் நான் வந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொள்வேன்.

ஜிலாலியிடம் போர்டை நீட்டினேன். அவன் முகம் சுருங்கக்கூட இல்லை. "என்னை ஏன் முறைக்கிறீங்க அண்ணி? உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் செஞ்சேன். நானா செய்யலை, அண்ணன்தான் சொன்னாரு" என்றான். என் புருஷன் மேல் பழி போடாதே நாயே என்றேன். ஆமாம், உங்கள் தம்பியை நாய் என்றேன், அதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய செய்தியும் வந்தது. அவன் போனை எடுத்து, நீங்கள் அனுப்பியிருந்த குரல் பதிவை ஓடவிட்டு என் காதருகே வைத்தான்.

உங்கள் குரல். பின்னால் யாரோ ஸ்பானிஷ் மொழியில் கத்துகிறார்கள், நீங்கள் எதையோ மென்றுகொண்டே பேசுகிறீர்கள். "அவ வேலை பார்க்கவே சகிக்கலைடா, சந்தையில என் பேரு நாறுது. அவ கிளம்பினதும் மேல ஒரு கை ஈயம் வச்சுப் பளிச்சுன்னு ஆக்கிடு. அவகிட்ட மூச்சு விடாத, ஒப்பாரி வைப்பா."

சந்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சாவியை மேசையில் வைத்தேன். என் கம்பிச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் சோதனைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "பொய் சொல்றேன்னு சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதம்மா" என்றார். ஈயத்திலிருந்து விலகிவிட்டாய், இனி இறங்கும், ஆனால் இதுவரை பிள்ளைக்குப் போனது என்ன செய்திருக்கும் என்று பிறந்து வளர்ந்தால்தான் தெரியும் என்றார். பிள்ளை அசைகிறது. போன வாரத்தை விடக் குறைவாக அசைகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கா, அதெல்லாம் பிரமை என்கிறாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்துக் கிடக்கிறேன்.

ஈயம் பிள்ளையை என்ன செய்யும் என்று ஜிலாலிக்குத் தெரியாது, அவன் முட்டாள். உங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குக் கடை வேண்டாம், சந்தையில் பெயர் வேண்டாம், உங்கள் தம்பியைத் திட்டவும் வேண்டாம். ஒரே ஒரு வரி எழுதுங்கள். தம்பியிடம் அதைச் சொன்ன நேரத்தில் நம் பிள்ளை என் வயிற்றில் இருப்பதை மறந்துவிட்டேன் என்று எழுதுங்கள். வேலைக் களைப்பு, மறந்துவிட்டது என்று எழுதுங்கள். நான் நம்புகிறேன். பொய்யாக இருந்தாலும் நம்பிக்கொள்கிறேன். நினைவு இருந்தும் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இந்தப் பிள்ளைக்கு நான் ஓர் அப்பாவைக் காட்ட வேண்டும்.

அல்லாஹ் உங்கள் முதுகு வலியைத் தீர்க்கட்டும். வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தூரியா