‘இல்லை’ என்று குறித்த கட்டம்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

கனடா விசாவுக்குக் கேட்ட காகிதங்கள் ஏறக்குறையச் சேர்ந்துவிட்டன. கடை லைசென்ஸ், மூன்று வருட வருமான வரி, வீட்டுப் பத்திர நகல், கல்யாண போட்டோ நான்கு. அனுசியா அனுப்பிய அழைப்புக் கடிதத்தைச் செல்வராணி முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். இங்கே அழைத்து வந்து பார்க்க வேண்டியது. ரத்த அழுத்தம் இருப்பதால் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நாங்கள் போகிறோம். நவம்பர் கடைசியில் தேதி.

மாப்பிள்ளையூரணியில் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்குக் கடையை விட்டுப் போவதுதான் கவலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

7 ஆகஸ்ட்

டிராவல்ஸ் சங்கரபாண்டியன் கம்ப்யூட்டரில் படிவத்தை நிரப்பினார். காசநோய் உண்டா, ராணுவத்தில் இருந்ததுண்டா என்று அவர் வாசிக்க வாசிக்க, இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்தது: எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டதுண்டா? வெளியேற்றப்பட்டதுண்டா?

நான் வாய் திறப்பதற்குள் ‘இல்லை’யில் டிக் அடித்துவிட்டார். “உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்தக் கேள்வியெல்லாம்” என்று சிரித்தார். பக்கத்தில் செல்வராணியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

8 ஆகஸ்ட்

இதை எங்கேயும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

1994. எனக்கு இருபத்து மூன்று வயது. தருவைகுளம் விசைப்படகுகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அப்பா கடையிலிருந்துதான் போகும். ஏற்றிவிடப் போன என்னை, படகில் வேலை பார்த்த கூட்டாளி ஜேசுபாதம், “கடலுக்கு ஒரு தடவ வந்துதான் பாரேம்லே” என்றான். வீட்டில் சொல்லாமல் ஏறினேன். மீன் போன பக்கமெல்லாம் படகும் போனது. எல்லை தாண்டியது எங்கள் தப்புதான். பதினேழு நாள் இலங்கைச் சிறை.

ஜெயிலுக்குப் போனவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அப்பா ஊரெல்லாம் “பம்பாய்ல பெரியப்பா கடையில நிக்கான்” என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்தவனும் பம்பாயிலிருந்து வந்தவனாகவே வந்து இறங்கினேன். இரண்டு வருடம் கழித்து, பம்பாய் பார்த்த மாப்பிள்ளை என்று செல்வராணியைக் கொடுத்தார்கள். இன்றுவரை அவளுக்கு நான் ஹிந்தி தெரிந்தவன்.

11 ஆகஸ்ட்

சங்கரபாண்டியன் அடுத்த வாரம் விண்ணப்பத்தை அனுப்புகிறாராம். அப்புறம் சென்னைக்குப் போய்ப் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டுமாம்.

பத்து விரல்! அன்றைக்கும் பத்து விரலையும் மையில் உருட்டினார்களே. அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கும்? மக்கிப் போயிருக்குமா? கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பார்களா? பொய் என்று பிடித்தால் ஐந்து வருடத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்று வேறு யாரோ ஒருவர் கதையாகச் சொன்னார் சங்கரபாண்டியன். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாரா?

சரி, உண்மையைப் போட்டால் மட்டும் கொடுத்துவிடுவார்களா? இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுகிற விண்ணப்பம். என்னால் அவளும் நின்றுவிட்டால் — மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் அங்கே பிள்ளை தனியாகக் கிடப்பாளே.

12 ஆகஸ்ட்

துவரம்பருப்பு கேட்டவருக்குக் கடலைப்பருப்பு கட்டிக் கொடுத்தேன்.

13 ஆகஸ்ட்

தருவைகுளம் போனேன். அந்தச் சமயத்துத் தாள் ஏதாவது இருக்கிறதா என்று ஜேசுபாதத்திடம் கேட்டேன். இல்லை என்பான், நிம்மதியாகத் திரும்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை. உள்ளே போய் எடுத்து வந்தான். “நிவாரணம் கேட்டு எத்தன ஆபீசுல காட்டிருக்கேன்! லேமினேஷன் போட்டுல்லா வச்சிருக்கேன்.”

எச்சரித்து விடுதலை என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ஐந்து பெயர். நான்காவது தங்கதுரை. அப்பா பெயரோடு, வயதோடு, நானேதான்.

“நீ என்ன கொலையா பண்ணுன? எங்க தெருவுல இத மறைக்கவனே கெடையாது. ஒங்க ஆளுகளுக்குத்தாம்லே இது மானக்கேடு” என்றான்.

கோபம் வந்தது. அவன் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

14 ஆகஸ்ட்

செல்வராணியிடம் சொல்லிவிட்டேன் — இல்லை, அப்படி எழுதுவதும் பொய். ஜேசுபாதத்தின் தாளை நகலெடுத்து வந்திருந்தேன்; அதை விசாக் காகிதங்களுக்கு மேலே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். அவ்வளவுதான் என் வீரம். திரும்பி வந்தால் அது அவள் கையில் இருக்கிறது.

“இதுல உங்க பேரு எதுக்கு இருக்கு?”

அப்புறம்தான் சொன்னேன். அழுதேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “இருபத்தொம்பது வருசமா இத வச்சிக்கிட்டு என்கூட எப்படிங்க பேசிட்டு இருந்தீங்க?”

15 ஆகஸ்ட்

காபி மட்டும் மேஜைக்கு வந்தது.

16 ஆகஸ்ட்

சாயங்காலம் பேசினாள். “அப்போ அந்த ஹிந்தி?”

“ரேடியோவுல கேட்டது, ஏளா.”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா, கேட்க தைரியமில்லை. அப்புறம் அவளே சொன்னாள்: “உள்ளத உள்ளபடி போடுங்க. கெடைக்கலன்னா அழுதுட்டுக் கெடப்போம். பொய்யச் சொல்லி அங்கன போயி, எவன் வந்து கதவத் தட்டுவானோன்னு பிள்ள பக்கத்துல உட்கார என்னால முடியாது.”

19 ஆகஸ்ட்

‘ஆம்’ என்று மாற்றச் சொன்னதும் சங்கரபாண்டியன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளக்கக் கடிதமும் ஜேசுபாதத்தின் தாளும் சேர்த்தாயிற்று. “தனித்தனியாப் போடுவோம் அண்ணாச்சி. ஒண்ணு நின்னாலும் ஒண்ணு போவும்” என்றார். எது நிற்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

9 செப்டம்பர்

சென்னை. கண்ணாடியில் விரலை வைத்து வைத்து எடுத்துவிடுகிறேன். “ரிலாக்ஸ் சார்” என்று அந்தப் பெண் மூன்று தடவை சொல்லிவிட்டாள். இப்போது மை கிடையாதாம்.

17 அக்டோபர்

அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு இல்லை.

“நான் எப்படிங்க தனியா?” என்கிறாள். திருநெல்வேலிக்கே தனியாகப் போகாதவள். அவள் தூங்கும்வரை, தூங்குகிறவன் மாதிரி நடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

2 நவம்பர்

அவளை விமானம் ஏற்றிவிட்டேன். எந்த இடத்தில் எந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

21 நவம்பர்

மாலை ஆறரை. அங்கே காலை. வலி வர மருந்து ஏற்றப் போகிறார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுசியா வீடியோவில் கூப்பிட்டாள். கடையில் மூன்று பேர் நின்றார்கள்.

“அம்மா எல்லாம் சொன்னாங்கப்பா. அங்க உங்களுக்குப் பயமா இருந்துச்சா?”

“பயந்து செத்தேம்மா.” என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

“எனக்கும் பயமா இருக்குப்பா. நீங்க என்ன பண்ணுனீங்க?”

“ஜேசுபாதம் கையப் பிடிச்சுக்கிட்டே கெடந்தேன். பதினேழு நாளும். அவன் விடவே இல்ல.”

போன் சாய்ந்தது. முகங்கள் போய், போர்வையும் செல்வராணியின் வளையல் கையும் மட்டும் தெரிந்தன. அந்தக் கையை மகள் இறுக்கிப் பிடித்திருந்தாள். நர்ஸ் வந்து ஏதோ சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனி வாங்க நின்ற சந்தனமாரி கேட்டாள்: “எங்கன வச்சு அண்ணாச்சி பயந்தீங்க?”

“இலங்கை ஜெயில்லம்மா” என்று சொல்லிவிட்டு, அவளுக்குச் சீனி நிறுத்தேன்.