ஈசானிய மூலையில் நீலக் கோடு

திண்டிவனம்,
ஆவணி மாதம்.

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பூவரசனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க மயிலம் முருகன் துணையிருக்கட்டும். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் பேசலாமென்றால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அதனால்தான் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

கடல் தாண்டிப் போய் நீ வேலை பார்க்கிற நூலகத்தில் நம் மாநிலத்துப் பழைய வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறீர்கள் என்று சொல்லி நம் ஊர்ப் பக்கத்துப் படத்தை அனுப்பினாயே, அன்றிலிருந்து அப்பாவுக்கு அதே வேலைதான். தமிழ்நாடு என்ற பேரே வராத காலம், விழுப்புரம் மாவட்டமும் கிடையாது, எல்லாம் தென்னார்க்காடு. திருவக்கரை எங்கே, கூட்டேரிப்பட்டு எங்கே என்று தேடித் தேடி, வெள்ளைக்காரன் பேர் எழுதியிருக்கிற லட்சணத்தைப் படித்துச் சிரித்தார், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நம் வீடு எங்கே வரும் பார்க்கலாம் என்று உன் சித்தப்பா மகன் மணிமாறனைக் கூப்பிட்டு உட்கார்ந்தார். ரயில் பாதையும் ஏரிக்கரையும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே இடம்தானே, அதை அடையாளம் வைத்து இப்போதைய படத்தை அதன்மேல் பொருத்தினான். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போகிற ஓடை நீலக் கோடாக இறங்கி நேரே நம் வீட்டு ஈசானிய மூலைக்குள் போகிறது. அப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

இந்த மனையை நாம் எப்படி வாங்கினோம் என்று உனக்குத் தெரியும். "ஈசானியம் தாழ்ந்துகினு போவுது பாருங்க, லட்சுமி தானா வந்து உக்காருவா" என்று வாஸ்துக்காரர் சொன்னதும் பூரித்துப்போய், பக்கத்து மேட்டு மனையை வேண்டாமென்று விட்டோம். அந்தப் பள்ளம் ஓடை போன தடம் என்று யாருக்கும் தோன்றவில்லை. போன கார்த்திகைப் புயலில் தண்ணீர் வாசல்வரைதான் வந்தது என்று அப்பா உன்னிடம் சொன்னார். கட்டில் முங்கிவிட்டதம்மா. அந்த மேட்டு மனையில் வீடு கட்டிய அமலா வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் தெருவில் இடுப்பளவு. அவள் மருமகளுக்கு வலி எடுத்து, ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல், ஜேசிபி வாளியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் கத்தியது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னால், "அது வெள்ளைக்காரன் காலத்து ஓடை, தூந்து போச்சி, சும்மா பேஜாரு பண்ணாத" என்கிறார். ஆனால் நாலு தூறல் விழுந்தால் அந்த மூலையில் போய் நின்றுகொள்கிறார். நின்றுவிட்டு வந்து உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார், தூளிக்குக் கொக்கி மாட்டுகிறார். அந்த அறையும் ஈசானியத்தை ஒட்டித்தான் இருக்கிறது. உனக்கும் நாள் கார்த்திகையில்தான்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று உன் மாமியாரிடம் மல்லுக்கு நின்றவள் நான். இப்போது நானே சொல்கிறேன், வராதேம்மா. சொந்தக்காரர்கள் என்ன பேசினாலும் பேசட்டும். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், கிடைத்ததும் நான் அங்கே வருகிறேன். கேப்பை மாவும் பிரசவ மருந்தும் கொண்டுவருகிறேன்.

மகராசியாய் இரு, மாடிப்படி பார்த்து இறங்கு, இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அப்புறம் அப்பாவிடம் பேசு. முதலில் பேசினால் அவர் அழுவார், நீ வந்துவிடுவாய்.

இப்படிக்கு,
உன் அம்மா
வீரம்மாள்